பக்கம் நான்கு

காபி போட்டுக் கொடுத்தது நான்தான்.
ஹால்வர்சன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
அதிலிருந்த பனி உருகி
கோல்பியின் கணக்கு நோட்டை நனைத்தது.
"உள்ளதைச் சொல்லிவிடுடா, விட்டுவிடுவார்கள்"
என்றதும் நான்தான்.

சொன்னான்.
படகுக் கொட்டகை, மூன்று பேர், லைட்டர்,
குளிருக்கு மூட்டிய தீ
எந்தப் பலகையில் முதலில் ஏறியது என்பதுவரை
ஒன்றுவிடாமல்.
பதினான்கு வயதில் இத்தனை ஒழுங்காக
அவன் எதையும் ஒப்பித்ததில்லை.
காபி நன்றாயிருந்தது என்றார் ஹால்வர்சன்.
பிறகு பையனைக் கூட்டிப்போனார்.

அதன்பின் தொலைபேசி.
துலூத்தில் இத்தனை வக்கீல்கள் இருப்பது
இருபது குளிர்காலம் அவர்கள் தெருக்களில்
பனி தள்ளிய எனக்குத் தெரியாது.
ஒருவர் விவாகரத்து மட்டும்.
ஒருவர் லாரி விபத்து மட்டும்.
"உங்களுக்கு எங்காவது அடிபட்டதா?"
கொஞ்சம் யோசித்துத்தான் இல்லை என்றேன்.
ஒருவருக்கு முன்பணம் ஐயாயிரம் டாலர்.
என் பனிச்சறுக்கு வண்டியை விற்றால் மூவாயிரம் தேறும்,
மார்ச் முடிகிற சமயத்தில் யார் வாங்குவார்?
இன்னொருவர் அலுவலகத்தில் ஒரு பெண்
"அவசரமா?" என்றாள்.
"பிள்ளை உள்ளே இருக்கிறான்."
"அதைத்தான் கேட்கிறேன், அவசரமா?"
பெயரும் எண்ணும் சொல்லிவைத்தேன்.

தம்பி வந்து உட்கார்ந்தான்.
சின்னப்பிள்ளை வழக்குக்கு வக்கீல் எதற்கு,
வைத்தால்தான் குற்றவாளி மாதிரி இருக்கும்,
நீதிபதி நாலு திட்டுத் திட்டி அனுப்பிவிடுவார் என்றான்.
பார்க்கப் போனபோது கோல்பியும்,
"வக்கீல் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா
சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமாம்ப்பா."
யார் சொன்னது?
பக்கத்துக் கட்டில் பையன்.
அவன் வந்து எத்தனை நாள்?
நாலு மாசம்.

நீதிமன்றமே வக்கீல் தருமாம். அதற்கு ஒரு படிவம்.
விண்ணப்பிப்பவர் பெயர்: கோல்பி.
தொழில்: கோடு போட்டேன்.
மாத வருமானம்:
ஹாக்கின்ஸ் அம்மாள் வீட்டுப் படிகளில்
பனி வழித்தால் பதினைந்து டாலர்,
சில தடவை அந்த அம்மாள் மறந்துவிடுவாள்.
எழுதவா, விடவா?
உள்ளதைச் சொல்லப் பயந்து
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன்.

வந்தவள் பெயர் லோரெட்டா டெஃபோ.
ஈரக் காலணி, இரண்டு பை நிறையக் கோப்புகள்,
எங்களுடையது எதில் என்று அவளுக்கே தெரியவில்லை.
தேடி எடுத்தாள். நின்றபடி படித்தாள்.
நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.
"இதையெல்லாம் பேசச் சொன்னது யார்?"
சொன்னேன்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இனி இதைப் பற்றி அவன்
யாரிடமும் பேசக் கூடாது. உங்களிடமும்."
"நான் அவன் அப்பா."
"தெரிகிறது. நான் அவனுடைய வக்கீல்.
உங்களுக்கு இல்லை.
வெளியே இருங்கள், கதவைச் சாத்திவிட்டு."

சாத்தினேன்.
கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி.
பதினொரு நாளாய் என்னிடம்
ம், இல்லை என்பதைத் தாண்டாதவன்
கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான்.
கட்டைவிரலால் எதையோ தேய்த்துக் காட்டி
இல்லை என்று தலையசைக்கிறான்.
மறுபடி காட்டுகிறான், மறுபடி அசைக்கிறான்.
அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

ஒன்றுவிடாமல் சொன்னான் என்று
நினைத்துக்கொண்டிருந்தேனே.

வெளியே என் தடத்தில்
வேறு யாரோ பனி தள்ளிப் போகிறார்கள்,
ஓரத்தில் மிச்சம் விட்டு.
பையில் தொலைபேசி அதிர்ந்தது.
"அன்றைக்குக் கூப்பிட்டீர்களே,
இன்னும் வக்கீல் வேண்டுமா?"

கிடைத்துவிட்டார் என்றேன்.
எனக்கில்லை,
பையனுக்கு.